கிளவுட் அணுகல் குழுக்களை யார் கையில் விடுவது: பினாங்கு நிறுவனங்களுக்கான ஓர் ஒப்பீடு

பாயான் லெப்பாஸில் இயங்கும் நடுத்தர மின்னணு உற்பத்தி நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அலுவலகப் பணியாளர்கள், மூன்று ஷிப்டுகளில் வேலை செய்யும் உற்பத்திப் பிரிவினர், முகவர் வழியாக வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள், சில மாதங்கள் மட்டும் தங்கும் பாலிடெக்னிக் பயிற்சி மாணவர்கள், இயந்திரம் பொருத்த வரும் வெளி நிறுவனப் பொறியாளர்கள் என்று பல வகையினர் ஒரே கணினி அமைப்புக்குள் நுழைகிறார்கள். மின்னஞ்சலும் ஆவணங்களும் மைக்ரோசாஃப்ட் 365இல் இருக்கின்றன. பயனர் கணக்குகளை மைக்ரோசாஃப்டின் அடையாளச் சேவையான என்ட்ரா ஐடி காக்கிறது. உற்பத்தித் தரவு, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அமேசானின் மலேசியக் கிளவுட் வட்டாரத்தில் சேர்கிறது. எவருக்கும் தனித்தனியாக அனுமதி கொடுப்பதில்லை. குழுவுக்கு அனுமதி கொடுத்து, ஆளைக் குழுவில் சேர்க்கிறார்கள். குழுக்கள் பெருகுகின்றன, சேர்ப்பதும் நீக்குவதும் இரண்டு மூன்று பேரின் கைவேலையாகவே நீடிக்கிறது, ஒரு நாள் தணிக்கையாளர் வந்து இந்தப் பட்டியல் சரிதானா என்று கேட்கிறார்.

அப்போது ஐடி மேலாளரின் மேசைக்கு வரும் கேள்வி, பெரும்பாலும் எந்தக் கருவியை வாங்கலாம் என்பதாகவே இருக்கும். விற்பனையாளர்களுக்கும் அதுதான் வசதி. என் பார்வையில் அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய ஒன்று உண்டு: ஒரு குழுவில் இன்று யார் இருக்க வேண்டும் என்பது உண்மையில் யாருக்குத் தெரியும், அவர் அதை எங்கே பதிகிறார்? சில குழுக்களுக்கு அந்த விடை மனிதவளப் பிரிவின் கோப்பில் இருக்கிறது, சிலவற்றுக்குத் திட்ட மேலாளரின் மனத்தில் மட்டும் இருக்கிறது, வேறு சிலவற்றுக்கு எங்குமே இல்லை. எல்லாக் குழுக்களையும் ஒரே வழியில் தானியக்கமாக்க முயலும் திட்டங்கள் இடறுவது இந்த வேறுபாட்டைப் பாராமல் விடுவதால்தான்.

கீழே நான்கு வழிகளை ஒப்பிடுகிறேன்: சொந்தமாக எழுதிய ஸ்கிரிப்ட், பண்புகளை வைத்துத் தானே நிரம்பும் டைனமிக் குழு, கணினி அமைப்பின் வடிவத்தை நிரலாக எழுதவைக்கும் டெராஃபார்ம் போன்ற கருவியில் குழுக்களை எழுதுவது, விண்ணப்பமும் காலாவதியும் கொண்ட அணுகல் தொகுப்பு. கைவேலையை அப்படியே தொடர்வதும் ஒரு வழிதான் என்பதால் அதையும் விடவில்லை.

எடைபோடும் அளவுகோல்

ஆளைச் சேர்ப்பதை எல்லா வழிகளும் நன்றாகவே செய்யும். அனுமதி கிடைக்காதவர் அரை மணி நேரத்துக்குள் தொலைபேசியில் அழைத்துவிடுவார் என்பதால் அந்தப் பிழை மறைந்திருக்க முடியாது. தேவையற்ற அனுமதி நீடிப்பவரோ ஒருபோதும் அழைப்பதில்லை. ஆகவே நீக்கம் எப்படி நடக்கிறது என்பதையே முதல் அளவுகோலாக வைக்க வேண்டும், அதிலும் வேலையை விட்டுச் சென்றவரைக் காட்டிலும் பிரிவு மாறியவரை வைத்துச் சோதிப்பது நல்லது. விட்டுச் சென்றவரின் கணக்கு எப்படியும் ஒரு நாள் முடக்கப்படும். கொள்முதல் பிரிவிலிருந்து தரக் கட்டுப்பாட்டுக்குப் போனவரின் கணக்கு உயிரோடு இருக்கிறது, புதிய குழுக்களும் சேர்கின்றன, பழையவற்றை நீக்கச் சொல்ல எவருக்கும் அவசரம் இல்லை.

இரண்டாவது அளவுகோல் தடயம். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, திருத்தப்பட்ட வடிவில், 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை ஆணையரிடம் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்கான கால வரம்பு 72 மணி நேரம். பாதுகாப்புக் கோட்பாட்டை மீறினால் விதிக்கத்தக்க உச்ச அபராதமும் 3 இலட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 இலட்சம் ரிங்கிட்டாக உயர்ந்துவிட்டது. கசிவு நடந்த கோப்பை அந்தத் தேதியில் எவரெவர் திறந்திருக்க முடியும் என்ற கேள்விக்கு மூன்று நாள்களுக்குள் விடை தேட வேண்டுமானால், குழுவின் இன்றைய பட்டியல் போதாது, அன்றைய பட்டியல் வேண்டும். என்ட்ராவின் தணிக்கைப் பதிவுகள் இலவச நிலையில் 7 நாள்களும் பி1, பி2 என்ற கட்டண உரிமங்களில் 30 நாள்களும் மட்டுமே நிற்கின்றன என்பதால், எந்த வழியைத் தேர்ந்தாலும் அவற்றை வேறொரு சேமிப்பிடத்துக்குத் தொடர்ந்து அனுப்பும் ஏற்பாடு முதல் வாரத்திலேயே செய்யப்பட வேண்டியது.

மூன்றாவது, அதிகாரம் எங்கே நகர்கிறது என்பது. தானியக்கம் அதிகாரத்தை அழிப்பதில்லை, நிர்வாகியின் கையிலிருந்து வேறொருவரின் கைக்கு மாற்றுகிறது. அந்த வேறொருவருக்கு அது தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

கைவேலையும் ஸ்கிரிப்டும்

ஐம்பது அறுபது பேர் மட்டும் பணிபுரியும், ஆட்கள் அதிகம் மாறாத அலுவலகத்தில் கைவேலையை விடக் காரணம் இல்லை. மாதம் ஒருமுறை மனிதவளப் பிரிவு தரும் பட்டியலோடு குழுக்களை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். உற்பத்தித் தளம் உள்ள நிறுவனத்தில் இது நிற்காது. அங்கே ஆட்களின் வரவும் போக்கும் ஒப்பந்தக் காலங்களைப் பொறுத்தவை, ஐடி பிரிவுக்கு வரும் கோரிக்கைகள் குவியும்.

ஸ்கிரிப்ட் வழி பெரும்பாலும் திட்டமிடப்படாமல் பிறக்கிறது. சம்பள மென்பொருளிலிருந்து இரவில் ஒரு கோப்பு வருகிறது, பவர்ஷெல்லிலோ பைத்தானிலோ எழுதிய ஸ்கிரிப்ட் அதைப் படித்து, மைக்ரோசாஃப்ட் கிராஃப் என்ற நிரல் இடைமுகம் வழியாகக் குழுக்களை அதற்கேற்பத் திருத்துகிறது. உரிமக் கட்டணம் இல்லை, எந்த விசித்திரமான விதியையும் எழுதலாம், அமேசான் பக்கத்தையும் அதே ஸ்கிரிப்டிலேயே தொடலாம். உள்ளூர்ச் சம்பள மென்பொருள்கள் பலவற்றுக்கு நேரடி இணைப்பு கிடையாது என்பதால் பினாங்கில் இது கவர்ச்சியான வழிதான்.

ஆனால் இதன் பலவீனங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடுகின்றன. அந்த ஸ்கிரிப்ட் இயங்கும் செயலிக் கணக்குக்கு எல்லாக் குழுக்களையும் மாற்றும் அனுமதி கொடுக்கப்படுகிறது. நிர்வாகப் பொறுப்பு ஒதுக்கத்தக்கவை என்று குறிக்கப்பட்ட குழுக்கள் மட்டுமே அந்தப் பொது அனுமதிக்கு வெளியே நிற்கின்றன. அந்தக் கணக்கு உள்நுழையப் பயன்படுத்தும் ரகசியக் குறி ஏதோ ஒரு கணினியில் கோப்பாகக் கிடந்தால், அது முழு நிறுவனத்தின் அணுகலும் கிடக்கும் இடமாகிறது. ஸ்கிரிப்ட் மைக்ரோசாஃப்டின் கிளவுடிலேயே இயங்குமானால் ரகசியக் குறியே தேவைப்படாத நிர்வகிக்கப்பட்ட அடையாளத்தைப் பயன்படுத்துவது கட்டாயம் என்றே சொல்வேன். இரண்டாவது ஆபத்து வெற்றுக் கோப்பு. சம்பள மென்பொருள் பழுதாகி ஒரு வரியும் இல்லாத கோப்பை அனுப்பினால், சொன்னதைச் சரியாகச் செய்யும் ஸ்கிரிப்ட் எல்லாக் குழுக்களையும் காலி செய்துவிடும். என்ட்ராவின் சொந்தக் கணக்கு வழங்கல் சேவையில், ஒரே சுற்றில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் நீக்கங்கள் வந்தால் நிறுத்திக் கேட்கும் வரம்பு இருக்கிறது. சொந்தமாக எழுதுபவர் அந்த வரம்பையும் தானே எழுத வேண்டும், பெரும்பாலோர் எழுதுவதில்லை. அதை எழுதிய பொறியாளர் சிங்கப்பூர் வேலைக்குப் போன பிறகு என்ன ஆகும் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டைனமிக் குழுக்கள்

இந்த வழியில் குழுவுக்கு உறுப்பினர் பட்டியல் கிடையாது, விதி மட்டும் உண்டு. பிரிவுக் குறியீடு இன்னது, பணியாளர் வகை இன்னது என்று விதி எழுதினால், அதற்குப் பொருந்துவோர் தாமே உள்ளே வருவார்கள், பொருந்தாமல் போனதும் தாமே வெளியேறுவார்கள். பிரிவு மாறியவரை வைத்து மேலே சொன்ன சோதனையில் இதுவே முதலிடம் பெறுகிறது: மனிதவளப் பிரிவு பதிவை மாற்றியதும் பழைய குழு அவரைத் தானே விட்டுவிடுகிறது, எவரும் கோர வேண்டியதில்லை. விதியைச் செயல்படுத்தும் முன் 20 பயனர்கள் வரை எடுத்துச் சோதித்துப் பார்க்கும் வசதியும், ஏதாவது தவறினால் விதியின் செயலாக்கத்தை இடைநிறுத்தும் வசதியும் இருக்கின்றன.

செலவு பலர் அஞ்சும் அளவுக்கு இல்லை. டைனமிக் குழுவில் இடம்பெறும் ஒவ்வொரு பயனருக்கும் என்ட்ரா ஐடி பி1 உரிமம் தேவை. ஆனால் அது மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியத்திலும் இ3இலும், உற்பத்தித் தளப் பணியாளர்களுக்கான எஃப்1, எஃப்3 திட்டங்களிலும் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. 300 பேருக்கு உட்பட்ட நிறுவனம் பிசினஸ் பிரீமியம் வைத்திருந்தால், ஏற்கெனவே பணம் கட்டிய ஒரு வசதியைத்தான் பயன்படுத்தாமல் விட்டுவைத்திருக்கிறது. பிசினஸ் ஸ்டாண்டர்டில் அது இல்லை.

விலை வேறு இடத்தில் கட்டப்படுகிறது, அது தரவின் தரம். பிரிவின் பெயர் ஒரு பதிவில் ஆங்கிலத்தில் ஃபைனான்ஸ் என்றும், இன்னொன்றில் மலாயில் கெவாங்கான் என்றும், மூன்றாவதில் சுருக்கமாகவும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், விதி மூவரில் ஒருவரையே கண்டுகொள்ளும். எழுத்தின் பெரிய சிறிய வடிவ வேறுபாட்டை என்ட்ரா பொருட்படுத்துவதில்லை, எழுத்துப் பிழையை மன்னிப்பதும் இல்லை. பெயர்களை விட்டுவிட்டுச் செலவு மையக் குறியீடு போன்ற எண்களின் மேல் விதி எழுதுவதே நிற்கும் வழி. சம்பளக் கணக்குக்கு அந்த எண் தேவைப்படுவதால் அது தவறாக இருந்தால் மாதக் கடைசியில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். பிரிவின் பெயருக்கு அப்படிப்பட்ட காவலர் எவரும் இல்லை.

இன்னொன்று நம்மவர்களுக்கே உரியது. நம் அடையாள அட்டைகளில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் வரும் ஏ/எல், ஏ/பி என்பவற்றின் சாய்கோடு, கணினிப் பயனர் பெயர்களில் அனுமதிக்கப்படாத எழுத்து. ஒரு மென்பொருள் அதை நீக்குகிறது, ஒன்று இடைவெளியாக்குகிறது, ஒன்று அதற்குப் பின் வரும் அனைத்தையும் வெட்டிவிடுகிறது. மனிதவளப் பதிவையும் என்ட்ரா கணக்கையும் பெயரை வைத்துப் பொருத்தும் எந்த ஏற்பாடும் இங்கே தமிழ்ப் பணியாளர்களிடம்தான் முதலில் தோற்கும். பணியாளர் எண்ணை வைத்து மட்டுமே பொருத்த வேண்டும், அந்த எண் மறுபயன்பாட்டுக்கு வரக்கூடாது.

அதிகாரம் நகர்வதைப் பற்றிச் சொன்னேனே, அது இந்த வழியில்தான் மிகக் கூர்மையாகத் தெரிகிறது. செலவு மையக் குறியீட்டைத் தட்டச்சு செய்யும் மனிதவள எழுத்தர், அவர் அறியாமலே, நிதிக் கோப்புகளின் அனுமதியை வழங்கும் அதிகாரியாகிவிடுகிறார். அவருக்கு அதைச் சொல்ல வேண்டும். அந்தப் புலத்தை மாற்றும் உரிமை யார் யாருக்கு உண்டு என்பதையும் சுருக்க வேண்டும். விருந்தினர் கணக்குகள் இதைவிட மோசமான ஓட்டை. இயல்புநிலை அமைப்பில் நிறுவனத்தின் எந்த உறுப்பினரும் வெளியாள் ஒருவரை அழைக்கலாம், அழைக்கும்போது அவருடைய காட்சிப் பெயரையும் தாமே எழுதலாம். காட்சிப் பெயரில் இன்ன சொல் இருந்தால் சேர்த்துக்கொள் என்று எழுதப்பட்ட விதிக்கு, சரியான பெயர் சூட்டப்பட்ட விருந்தினர் தாமே உள்ளே வந்துவிடுவார். எல்லாப் பணியாளர்களும் என்ற எண்ணத்தில் எழுதப்படும் பரந்த விதியும், பயனர் வகை உறுப்பினர் என்ற நிபந்தனை சேர்க்கப்படாவிட்டால், விருந்தினரையும் அள்ளிக்கொள்ளும்.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். டைனமிக் குழுவில் ஒருவரைக் கையால் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. விதிவிலக்கு வேண்டுமானால் விதியையே மாற்ற வேண்டும், அப்படி விதிவிலக்குகள் சேரச் சேர விதி எவருக்கும் புரியாததாகிவிடும். மாற்றம் உடனே நடக்கும் என்ற உறுதியும் இல்லை. பெரும்பாலும் விரைவாக நடந்தாலும், பெரிய அமைப்பில் சில மணி நேரம் எடுக்கலாம். என்ட்ராவின் நிர்வாகப் பொறுப்புகளை ஒதுக்கும் குழு டைனமிக்காக இருக்க முடியாது என்று மைக்ரோசாஃப்டே தடுத்துவைத்திருக்கிறது. மனிதவளப் புலத்தைத் திருத்தி ஒருவர் உலகளாவிய நிர்வாகியாகிவிடக்கூடாது என்பதே அதன் காரணம், அது நியாயமானது.

நிரலாக எழுதுவது

டெராஃபார்மிலோ ஓப்பன்டோஃபுவிலோ குழுக்களை எழுதி, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் வைத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பின்பே செயல்படுத்தும் வழி இது. 2023 ஆகஸ்டில் டெராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் அதன் உரிம விதிகளை மாற்றியதும், அதன் எதிரொலியாக ஓப்பன்டோஃபு பிரிந்து லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் போனதும் நிறைய விவாதிக்கப்பட்டன. தன் சொந்தக் குழுக்களை நிர்வகிக்க மட்டும் பயன்படுத்தும் உற்பத்தி நிறுவனத்துக்கு அந்த வேறுபாடு இந்த முடிவை மாற்றாது.

தடயம் என்ற அளவுகோலில் இதற்கு ஈடு இல்லை. யார் மாற்றினார், யார் ஒப்புக்கொண்டார், ஏன் என்பது வரி வரியாக நிற்கிறது. மென்பொருள் பொறியாளர்கள் நிறைந்த அணிக்கு இது இயல்பான பழக்கமும்கூட. ஆனால் உறுப்பினர் பட்டியலை நிரலில் வைக்கும் யோசனையை நான் ஏற்பதில்லை. இரவு ஷிப்டுக்கு வந்த புதிய தொழில்நுட்பர் ஒருவரைச் சேர்க்க, நிரல் தெரிந்த இருவர் விழித்திருக்க வேண்டும். அவசரத்தில் ஒருவர் இணையப் பக்கத்தில் நேரடியாகச் சேர்த்துவிடுவார். முழுப் பட்டியலையும் டெராஃபார்ம் ஆளும்படி எழுதியிருந்தால், அடுத்த முறை அது இயங்கும்போது அவரைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, தனிநபர் தரவுச் சட்டத்தின் தேக்கிவைப்புக் கோட்பாடு. தேவைக்கு மேல் தனிநபர் தரவை வைத்திருக்கக்கூடாது என்கிறது சட்டம். கிட் களஞ்சியமோ எதையும் மறப்பதில்லை என்பதற்காகவே உருவாக்கப்பட்டது. நிறுவனத்தை விட்டுப்போன ஒவ்வொருவரின் மின்னஞ்சல் முகவரியும் அதன் வரலாற்றில் தங்கிவிடும், அதை அகற்றுவது வரலாற்றையே திருத்தி எழுதுவதாகும். டெராஃபார்ம் தான் நிர்வகிப்பவற்றின் நடப்பு நிலையைக் குறித்துவைக்கும் நிலைக்கோப்பிலும் அதே விவரங்கள் இருக்கும் என்பதால் அதற்கும் தனிப் பாதுகாப்பு வேண்டும்.

இன்னொரு கண்ணி, குழுவை அழித்து மீண்டும் உருவாக்குவது. நிரலில் ஒரு குழுவின் முகவரியை, அதாவது டெராஃபார்ம் அதை அடையாளம் காணும் பெயரை, பழையதுதான் இடம் மாறியிருக்கிறது என்று அறிவிக்காமல் மாற்றினால், டெராஃபார்ம் பழைய குழுவை அழித்துப் புதிதாக ஒன்றை உருவாக்கத் திட்டமிடும். வெளியே தெரியும் பெயர் அதேதான், உள் அடையாள எண் புதியது. பழைய எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்த எல்லா அனுமதிகளும் ஆளின்றித் தொங்கும். முகவரியை மாற்றும்போதெல்லாம் அந்த இடமாற்றத்தை நிரலிலேயே அறிவிப்பது வழக்கமாக வேண்டும்.

நிரல் சிறப்பது வேறு இடத்தில்: எந்தெந்தக் குழுக்கள் இருக்கின்றன, அவற்றுக்கு எந்த அனுமதி, உரிமையாளர்கள் யார், டைனமிக் குழுவாக இருந்தால் அதன் விதி என்ன என்பவை அடிக்கடி மாறாதவை, மாறும்போது இருவர் பார்க்க வேண்டியவை, தனிநபர் விவரம் குறைவாக உள்ளவை. டைனமிக் விதியை டெராஃபார்மிலேயே எழுத முடியும் என்பதால், விதியை இணையப் பக்கத்தில் ஒருவர் தனியாக மாற்றிவிடும் ஆபத்தும் குறைகிறது.

விண்ணப்பமும் காலாவதியும்

திட்ட மேலாளரின் மனத்தில் மட்டுமே விடை இருக்கும் குழுக்களுக்கு எந்தப் பண்பும் உதவாது. அங்கே அணுகல் தொகுப்பு பொருந்துகிறது: ஒருவர் விண்ணப்பிக்கிறார், பொறுப்பாளர் ஒப்புகிறார், குறித்த நாளில் அனுமதி தானே முடிகிறது. வெளி நிறுவனப் பொறியாளர்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் அறியேன். கடைசித் தொகுப்பும் காலாவதியானதும் விருந்தினர் கணக்கை முடக்கிப் பின்னர் நீக்கிவிடும் அமைப்பும் இதிலேயே இருப்பதால், மூன்று ஆண்டுகளுக்கு முன் இயந்திரம் பொருத்த வந்தவரின் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கும் நிலை தவிர்க்கப்படுகிறது.

இதற்கு பி2 உரிமம் அல்லது தனி ஆளுகை உரிமம் தேவை. எல்லாப் பணியாளருக்கும் வாங்கினால் நடுத்தர நிறுவனத்துக்குச் சுமைதான். தொகுப்புகளையும் மறுஆய்வுகளையும் பயன்படுத்துவோருக்கு மட்டும் வாங்குவது பொருத்தம். மனிதர்களைப் பொறுத்த பலவீனம் ஒன்றும் உண்டு. தைப்பூசத்துக்கோ நோன்புப் பெருநாளுக்கோ ஒப்புபவர் விடுப்பில் போனால் விண்ணப்பம் நின்றுவிடும். மாற்று ஒப்பாளரைத் தொடக்கத்திலேயே குறித்துவைக்க வேண்டும். அனுமதி யாருக்குத் தொடர வேண்டும் என்று கேட்கும் அணுகல் மறுஆய்வில் நாற்பது பெயர்களைக் கண்ட மேலாளர், அனைத்தையும் தேர்ந்து ஒப்பிவிடுவார். குழுக்களைச் சிறிதாக வைத்து, பதில் வராவிட்டால் அனுமதியை நீக்கு என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே மறுஆய்வுக்குப் பொருள் உண்டு. கடந்த 30 நாள்களில் உள்நுழையாதவரை நீக்கலாம் என்று கருவி தரும் பரிந்துரை ஒரு நல்ல தொடக்கம், தீர்ப்பு அல்ல. காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் குழுவுக்கு அது தவறாகவே சொல்லும்.

அமேசான் பக்கம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் என்ட்ராவில் முடிவான குழு அமேசானுக்குப் போய்ச் சேர வேண்டும். பயனர், குழு விவரங்களை ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதற்காக 2015இல் தரப்படுத்தப்பட்ட ஸ்கிம் நெறிமுறை வழியாக, அமேசானின் உள்நுழைவுச் சேவையான ஐஏஎம் ஐடென்டிட்டி சென்டர் அதைப் பெற்றுக்கொள்கிறது. அந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஏறத்தாழ 40 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்று நடக்கும். குழுவுக்குள் குழுவாக வைத்திருப்பவை இந்தப் பாதையில் கடப்பதில்லை, நேரடி உறுப்பினர்கள் மட்டுமே போவார்கள். ஆகவே அமேசானுக்கென வைக்கும் குழுக்களைத் தட்டையாக அமைப்பதே நல்லது.

அந்தப் பக்கம் முதற்பெயர், கடைசிப் பெயர், காட்சிப் பெயர், பயனர் பெயர் ஆகிய நான்கும் இல்லாத கணக்கை ஏற்பதில்லை. குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாத தமிழர்களின் பதிவுகளிலும், ஒற்றைப் பெயர் கொண்ட மலாய், இந்தோனேசியப் பணியாளர்களின் பதிவுகளிலும் கடைசிப் பெயர்ப் புலம் காலியாக இருப்பது சாதாரணம். அவர்கள் மட்டும் ஒத்திசைவில் விடுபடுவார்கள், குழுவின் விதி சரியாகவே இருந்தும். புலம் காலியாக இருந்தால் காட்சிப் பெயரை இட்டு நிரப்பும்படி புலப் பொருத்தத்தில் ஒரு வெளிப்பாட்டை எழுதினால் தீரும். அதைச் சோதனைக் கட்டத்திலேயே செய்யாவிட்டால், விடுபட்டவர்களுக்கு ஒவ்வொருவராகக் கையால் கணக்குத் திறக்கும் பழக்கம் வந்துவிடும், தானியக்கத்தின் பயன் அங்கேயே ஒழுகிவிடும்.

நீக்கம் உடனடி அல்ல என்பதையும் நிர்வாகத்துக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உள்நுழைந்தவருக்கு என்ட்ரா வழங்கும் மின்னணு அனுமதிச் சீட்டான அணுகல் டோக்கன் வழக்கமாக 60 முதல் 90 நிமிடங்கள் செல்லும். அமேசான் கணக்குக்குள் ஏற்கெனவே திறந்த அமர்வு, அமைப்பைப் பொறுத்து, 12 மணி நேரம் வரை நீளலாம். பணிநீக்கம் செய்யப்பட்டவர் விஷயத்தில் குழுவை நம்பிக் காத்திராமல் கணக்கை முடக்கி, அமர்வுகளையும் ரத்து செய்ய வேண்டும். அமேசானில் நேரடியாக உருவாக்கிய பழைய பயனர்களும் அவர்களின் அணுகல் சாவிகளும் இந்தச் சங்கிலிக்கு முற்றிலும் வெளியே நிற்கின்றன; அவற்றை ஒழிக்காமல் குழுக்களைத் தானியக்கமாக்குவது முன்வாசலை மட்டும் பூட்டுவதாகும்.

குழுக்களின் எண்ணிக்கைக்கும் ஓர் உச்சவரம்பு மறைந்திருக்கிறது. ஒரு பயனர் 200க்கு மேற்பட்ட குழுக்களில் இருந்தால் என்ட்ரா தன் டோக்கனில் குழுப் பட்டியலைச் சேர்ப்பதை விட்டுவிடும். சாம்ல் என்ற பழைய உள்நுழைவு நெறிமுறையில் அந்த எல்லை 150. தானியக்கம் குழுக்களை மலிவாக்குவதால் அவை விரைந்து பெருகும். டோக்கனைப் படித்து அனுமதி தரும் பழைய செயலி, அந்த நாளில் காரணம் புரியாமல் நின்றுபோகும்.

நான் எதைத் தேர்வேன்

மேலே காட்டிய பாயான் லெப்பாஸ் நிறுவனத்துக்கு என் பரிந்துரை கலவையானது. பிரிவு, வகை, பணியிடம் ஆகியவற்றால் தீர்மானமாகும் அடிப்படைக் குழுக்கள் டைனமிக்காக வேண்டும். அவற்றின் விதிகளும் எல்லாக் குழுக்களின் அனுமதிகளும் நிரலில் இருக்க வேண்டும். திட்டக் குழுக்களும் வெளியாள்களும் அணுகல் தொகுப்பில் வர வேண்டும். ஸ்கிரிப்ட் ஒன்றுக்கு மட்டும் இடம் உண்டு: சம்பள மென்பொருளின் கோப்பை என்ட்ராவின் கணக்கு வழங்கல் இடைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. குழுக்களைத் தொடும் அனுமதி அதற்கு வேண்டியதில்லை.

பி1 உரிமம் இல்லாத, ஐடி பிரிவில் ஒருவர் மட்டும் உள்ள நிறுவனம் இதில் பாதியைக்கூடத் தொட வேண்டியதில்லை. பணியாளர் எண்ணைச் சீராக்கி, மாதாந்திர ஒப்பீட்டைத் தவறாமல் செய்தால் அது நல்ல நிலையில்தான் இருக்கிறது. கோலாலம்பூரில் நிதித்துறை நிறுவனங்களின் நிலை வேறு. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப இடர் மேலாண்மைக் கொள்கை அணுகல் உரிமைகளைக் காலந்தோறும் மறுஆய்வு செய்யச் சொல்வதால், பி2 செலவைத் தவிர்க்க அவர்கள் தேடும் வழிகள் தணிக்கையின்போது கூடுதல் உழைப்பாகத் திரும்பிவரும்.

வரிசை முக்கியம். தரவைச் சீராக்கும் வேலை முதலில், அது சலிப்பானது, எவரும் பாராட்டாதது, ஆனால் மற்ற அனைத்தும் அதன் மேல்தான் நிற்கின்றன. அடுத்து, டைனமிக் குழுவைப் பழைய குழுவின் பக்கத்திலேயே அனுமதி ஏதும் இணைக்காமல் உருவாக்கி, இரண்டின் உறுப்பினர்களையும் ஒரு மாதம் ஒப்பிட வேண்டும். வேறுபடும் ஒவ்வொரு பெயரும் ஒன்று விதியின் பிழை, அல்லது இத்தனை நாள் எவரும் கவனிக்காத தேவையற்ற அனுமதி. இரண்டில் எது என்று மனிதவளப் பிரிவோடு உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அந்தப் பிரிவுக்குத் தன் புதிய பொறுப்பு புரியவரும். வேறுபாடு தீர்ந்த பிறகு அனுமதியை மாற்றலாம், ஆபத்துக் குறைந்த குழுக்களிலிருந்து தொடங்கி.

அவசரகால நிர்வாகக் கணக்குகள் எந்த விதிக்கும், எந்த ஸ்கிரிப்டுக்கும், எந்த மறுஆய்வின் தானியங்கு நீக்கத்துக்கும் உட்படக்கூடாது. சம்பளக் கோப்புகளைத் திறக்கும் ஐந்தாறு பேர் கொண்ட குழுவையும் நான் தானியக்கமாக்க மாட்டேன். அதன் உறுப்பினர்கள் ஆண்டில் ஓரிரு முறைதான் மாறுகிறார்கள், ஒரு தவறான குறியீட்டால் ஏழாவது ஆள் உள்ளே வந்தால் ஏற்படும் சேதமோ மிகப் பெரிது. இரண்டு உரிமையாளர்கள், கையால் சேர்ப்பது, உறுப்பினர் மாறினால் இருவருக்கும் உடனே மின்னஞ்சல் அனுப்பும் எச்சரிக்கை, காலாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு: அந்தக் குழுவுக்கு இவ்வளவே போதும்.